துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்

2016 கோடையில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரியை ஒட்டிய ஈஸ்ட் சிகாகோ நகரில், ஓர் அரசுக் குடியிருப்பின் புல்தரைகளில் பலகைகள் முளைத்தன. மண்ணில் விளையாடக் கூடாது, செடிகளைச் சுற்றிக் கொட்டிய மரச்சிராய்ப் பக்கமும் போகக் கூடாது என்று அவை எச்சரித்தன. குடியிருப்பின் பெயர் வெஸ்ட் கலுமெட். 346 வீடுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள், அவர்களில் அறுநூற்றுக்கும் மேல் குழந்தைகள். பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். எல்லாருமே ஏழைகள்.

அதே கோடையின் ஜூலையில் மேயர் ஆன்டனி கோப்லண்டிடமிருந்து கடிதமும் வந்தது: வேறு வீடு பாருங்கள், இந்தக் கட்டடங்களை இடிக்கப்போகிறோம். ஒரு முற்றத்து மண்ணில் கிலோவுக்கு 91,100 மில்லிகிராம் ஈயம் இருந்ததாகத் தெரியவந்தது. ஏறத்தாழ 91 கிராம். குழந்தைகள் விளையாடும் மண்ணில் 400 மில்லிகிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று அன்று அரசே வைத்திருந்த கணக்கு. அதைப் போல 227 மடங்கு.

குழந்தைகளை ஏன் மண்ணில் விளையாட விட்டீர்கள்? அந்தப் பலகை கேட்காமல் கேட்ட கேள்வி அதுதான். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஈஸ்ட் சிகாகோவில் மட்டுமல்ல, உலகம் முழுக்க அரசு அலுவலர்களும் கம்பெனிக்காரர்களும் தொண்டு நிறுவனங்களும் நல்ல மனசுள்ள ஆசிரியர்களும் ஒருமித்து நம்புகிற ஒன்று: நச்சுநிலத்தின் அருகே வாழும் மக்களின் முதல் பிரச்சினை அவர்களுடைய அறியாமை, அதற்கு மருந்து விழிப்புணர்வு. நம் ஊரிலும் எந்தக் கேடு வந்தாலும் பள்ளிப் பிள்ளைகளை அட்டையோடு வெயிலில் நடக்கவிட்டுப் பேரணி நடத்திவிடுகிறோம் அல்லவா, அதே நம்பிக்கைதான். அது தவறு. தவறு என்பதைவிட, அது இன்னொருவருடைய கடனை நம் தலையில் எழுதும் தந்திரம்.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட்டு மேலே போகிறேன். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இந்தக் கட்டுரையில் வருவது காரீயம். பேட்டரிக்குள் இருப்பது, பழைய பெயின்டில் கலந்திருந்தது, பெட்ரோலில் ஊற்றப்பட்டது. கலப்படச் சொம்பில் முன்னதன் பெயரைச் சொல்லிப் பின்னதை விற்பதும் உண்டு. அது தனிக் கதை.

காரீயம் மண்ணில் விழுந்தால் மக்காது, கரையாது, ஆவியாகாது. உருக்காலை மூடி, கம்பெனி பெயர் மாறி, முதலாளி செத்து, பேரன் சொத்தைப் பிரித்துக்கொண்ட பிறகும் மேல்மண்ணில் அப்படியே கிடக்கும். வெயிலில் தூசியாகி ஜன்னல் விளிம்பில் படியும். தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குபோல உடம்பில் சேரும் என்றால், சின்னக் குழந்தைக்கு அது பாதிவரை போகலாம். ரத்தத்திலிருந்து எலும்புக்குள் நுழைந்து பல ஆண்டுகள் தங்கி, பெண்ணுக்குக் கர்ப்பம் தரிக்கையில் எலும்பு கரைந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். வெளியில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சோகை, கொஞ்சம் வயிற்றுவலி, பள்ளியில் கொஞ்சம் மந்தம். "பையன் படிப்பில் கவனமில்லை" என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போவார்.

வெஸ்ட் கலுமெட் குடியிருப்பு 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. எங்கே? அனகோண்டா கம்பெனியின் ஈயத் தொழிற்சாலை நின்ற நிலத்தின் மேலேயே. தெற்கே யு.எஸ்.எஸ். லெட் என்ற உருக்காலை 1985 வரை ஓடியது. டூபான்ட் கம்பெனி பக்கத்திலேயே ஈய ஆர்சனேட் பூச்சிமருந்து தயாரித்தது. ஏழைகளுக்கு வீடு கட்ட ஊரில் வேறு நிலமே கிடைக்கவில்லைபோலும். 2009இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை அந்த வட்டாரத்தை நாட்டின் மிக மோசமான நச்சுநிலங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் குடியிருப்புக்கு ஒட்டினாற்போல் ஒரு தொடக்கப் பள்ளியின் புதுக் கட்டடம் திறந்து இயங்கியது. 2011இல் மத்திய சுகாதாரத் துறையின் நச்சுப்பொருள் பிரிவு அறிக்கை கொடுத்தது: இந்தப் பகுதியின் காற்றைச் சுவாசிப்பதாலோ குழாய்த் தண்ணீர் குடிப்பதாலோ மண்ணில் விளையாடுவதாலோ உடல்நலத்துக்குத் தீங்கு எதிர்பார்க்கப்படவில்லை. 2012இல் துப்புரவுத் திட்டம் அறிவித்து, சட்டப்படி மக்கள் கருத்தும் கேட்டார்கள். 2014இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு, டூபான்ட் ஆகிய இரண்டு கம்பெனிகளும் அரசும் நீதிமன்றத்தில் சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தன. அங்கே குடியிருந்தவர்கள் அதில் ஒரு தரப்பே இல்லை. தங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் நீதிமன்றப் படியேறியது 2016இல், வெளியேறச் சொல்லும் கடிதம் கையில் வந்த பிறகு.

இந்தக் கதையில் விழிப்புணர்வு இல்லாதவர் யார்? தாய்மார்களா? அவர்கள் கையில் இருந்த ஒரே அரசுத் தாள், மண்ணில் விளையாடுவது ஆபத்தில்லை என்று சொன்னது. 2018இல் அதே துறை பழைய ரத்தப் பரிசோதனைகளை மறுபடி எடுத்துப் பார்த்து, 2005க்கும் 2015க்கும் இடையே அந்த வட்டாரக் குழந்தைகளுக்கு ஈய அளவு கூடியிருக்க நகரின் மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வாய்ப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டது. அதாவது, பயப்பட வேண்டாம் என்று சொன்ன காலத்திலேயே நஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி.

பெற்றோரின் அறியாமை என்ற இந்தப் பேச்சுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. 1950களில் அமெரிக்க ஈயத் தொழில் சங்கத்தில் உடல்நலம், பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்தவர் மான்ஃபிரெட் பௌடிச். பெயின்டைச் சுரண்டித் தின்று குழந்தைகள் நகரம் நகரமாகச் சாகும்போது அவருடைய கடிதங்களில் இருந்த கவலை, தொழிலுக்குக் கெட்டபெயர் வருகிறதே என்பது. தீர்வு? சேரிகளை ஒழிக்க வேண்டும், அடுத்தபடியாகப் பெற்றோருக்கு அறிவு புகட்ட வேண்டும். ஆனால் அவர்கள் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கர்களும் ஆயிற்றே, அவர்களுக்கு எப்படிப் புகட்டுவது என்று அலுத்துக்கொள்கிறார். இந்தக் கடிதங்களைப் பின்னாளில் வெளிக்கொண்டு வந்தவர்கள் ஜெரால்டு மார்கோவிட்ஸ், டேவிட் ரோஸ்னர் என்ற வரலாற்றாசிரியர்கள். பெயின்டில் ஈயத்தை நிறுத்தலாம் என்பது பௌடிச்சின் தீர்வுப் பட்டியலில் இல்லை. பெற்றோருக்குப் பாடம் எடுப்பது என்ற யோசனை இப்படி விற்பவர் வாயிலிருந்தும் வந்தது என்பதை, இன்று நல்லெண்ணத்தோடு பாடம் எடுக்கப்போகிறவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சரி, எங்கிருந்து வந்தால் என்ன, பலன் இருந்தால் போதாதா? அதையும் பார்த்துவிடுவோம்.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் புரூஸ் லான்ஃபியர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளுக்குத் துப்புரவுச் சாமான்களும், தூசி அடக்கும் முறைகளும், வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஆட்களும். மற்ற வீடுகளுக்கு அவை இல்லை. 1999இல் முடிவு வெளியானது: குழந்தைகளின் ரத்த ஈயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிற்பாடு இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் அலசலும், அறிவுரையும் வீட்டுத் தூசி துடைப்பும் குழந்தைகளின் ரத்த ஈயத்தைக் குறைப்பதில்லை என்ற முடிவுக்கே வந்தது. மண்ணை மாற்றுவது பற்றி முடிவு சொல்லப் போதிய சோதனைகள் இல்லை என்றும் அது சொல்லியிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி ஊருக்குப் போனால் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1889 முதல் அங்கே ஈய உருக்காலை. 1979 முதல் 1982 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ரத்தத்தில் ஈயம் ஏற ஏற அறிவுத்திறன் இறங்குகிறது என்று ஆன்டனி மக்மைக்கேல் குழு 1988இல் உலகுக்குச் சொன்ன ஊர் அது. 1984 முதல் அரசு அங்கே வீட்டுத் துப்புரவுத் திட்டம் நடத்துகிறது. ஈர மாப்பு போடு, கூட்டாதே, தூசி பறக்கும். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டு. சாப்பிடும் முன் கை கழுவு. பொம்மையைக் கழுவு. காற்று வீசும் நாளில் ஜன்னலைச் சாத்து. நாற்பது ஆண்டுகளாக ஓர் ஊரின் தாய்மார் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2010க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளின் ரத்த ஈயம் 100 மில்லிக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே வரவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். வரவில்லை. ஏன் வரும்? புகைபோக்கி நிற்கவில்லையே! பூங்காவின் ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் குழந்தைகளின் கையில் எவ்வளவு ஈயம் ஒட்டுகிறது என்று அளந்த மாக்குவாரி பல்கலைக்கழகத்தின் மார்க் டெய்லர் குழு, கழுவிவிட்ட இடத்திலும் தூசி விரைவிலேயே திரும்பப் படிவதைக் கண்டது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள் நம் பாட்டிமார். இவர்கள் விறகைத் தொடாமல், பொங்கி வழிவதைத் துடைக்கத் துணி கொடுக்கிறார்கள். துடைப்பவள் சோர்ந்தால், பார்த்தீர்களா, அவளுக்கு அக்கறை இல்லை என்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்தத் துடைக்கும் வேலைக்குச் சம்பளம் யாரும் கணக்குப் போட்டதில்லை என்பதையும் கவனியுங்கள். உருக்காலையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வடிகட்டியின் விலை இருக்கும். ஓர் ஊரின் பெண்கள் நாற்பது ஆண்டு மாப்புப் போட்ட கூலி இராது.

கை கழுவுவது தவறு என்று நான் சொல்லவில்லை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், ஆகவே கீரையும் பயறும் கொடுங்கள் என்பதும் சரி. நெருப்புப் பிடித்த வீட்டில் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தீயணைப்பு வண்டிக்குப் பதில் ஈரத்துணி வழங்கும் விழா நடத்துவது வேறு.

விறகைப் பிடுங்கிய இடங்களில் என்ன நடந்தது? ஐடஹோ மாநிலத்து கெல்லாக் ஊரில் பங்கர் ஹில் உருக்காலை. 1973 செப்டம்பரில் புகையை வடிகட்டும் கூடத்தில் தீப்பிடித்தது. நடத்திய கல்ஃப் ரிசோர்சஸ் கம்பெனி, ஈயம் நல்ல விலைக்குப் போன நேரமாதலால், வடிகட்டி சரியாகும்வரை காத்திருக்காமல் உற்பத்தியைத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு சோதித்தபோது, ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் 100 மில்லிக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பின்னர் வழக்குகளில் கம்பெனியின் கைக்குறிப்பு ஒன்று வெளிவந்தது: 500 குழந்தைகளுக்கு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தால் 60, 70 லட்சம் டாலர் ஆகும் என்ற கணக்கு. கணக்குப் போட்டவர்களுக்கு விழிப்புணர்வுக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது.

ஆலை 1981இல் மூடப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் வீடுவீடாக முற்றத்து மண்ணை வெட்டி எடுத்துச் சுத்தமான மண்ணை நிரப்பினார்கள். 2000களின் தொடக்கத்தில் அந்த வட்டாரக் குழந்தைகளின் சராசரி நாட்டுச் சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெட்ரோலில் ஈயம் ஒழிந்ததும், வீடு தேடிப் போன செவிலியரும் இதற்கு உதவினார்கள்தான். ஆனால் செவிலியர் மட்டும் போயிருந்தால் அது இன்னொரு போர்ட் பிரி.

கெல்லாக்கில் மண்ணை அள்ளிய நிபுணர்களில் சிலர் பிறகு நைஜீரியாவின் சாம்ஃபாரா மாநிலத்துக்குப் போனார்கள். 2010இல் அங்கே கிராமங்களில் குழந்தைகள் வலிப்பு வந்து மடிந்துகொண்டிருந்தார்கள். தங்கம் தேடி உடைத்த பாறையில் ஈயம். அதை மாவு அரைக்கும் இயந்திரங்களில் அரைத்தது வீட்டு முற்றங்களில். குறைந்தது 400 குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை வைத்தது: முதலில் ஊரின் மண்ணைச் சுத்தம் செய்யுங்கள், பிறகுதான் மருந்து. நஞ்சை ரத்தத்திலிருந்து இறக்கி, அதே முற்றத்துக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் மருந்தால் என்ன பயன்? பகேகா என்ற ஊருக்கு அரசுப் பணம் வந்துசேர 2013 ஆயிற்று. அதுவரை அங்கே குழந்தைகள் காத்திருந்தார்கள். பணம் வந்த ஊர்களில் மண்ணை வெட்டியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. பெண்கள் வெளியே வராத வீடுகளுக்குள் எப்படி நுழைவது, எந்த மூலையில் அரைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மக்கள் பங்கேற்பு என்ற சொல்லுக்கு நான் பார்த்தவரை இதைவிட நேரான பொருள் இல்லை: மண்வெட்டியும், தகவலும், கூலியும் ஒரே ஆளின் கையில்.

இதைச் சொன்னால் உடனே எழும் மறுப்பு: ஈயம் நுட்பமான விஷயம், அளவுகோல்களை நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள், மக்களைக் கூட்டினால் பீதிதான் மிஞ்சும். நிபுணர்களின் அளவுகோலைப் பார்ப்போமே. குழந்தையின் 100 மில்லி ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய ஈயம் என அமெரிக்காவில் 1960களில் வைத்திருந்தது 60 மைக்ரோகிராம். 1970களில் 40, பிறகு 30. 1985இல் 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. மண்ணுக்கான 400 என்ற எண்ணையும் 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தார்கள். 1965இல் 50 மைக்ரோகிராம் ஏறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இவன் முன்போல இல்லை என்று ஒரு தாய் சொல்லியிருந்தால் அவள் பீதியைக் கிளப்புகிறவள். இன்று அவள் சொன்னதே அறிவியல். அறுபது ஆண்டுகளில் ரத்தத்துக்கான எண் ஒருமுறைகூட மேலே போகவில்லை.

கண்டுபிடிப்பிலும் ஊர்தான் பலமுறை முந்துகிறது. ஈயத்தை விட்டுப் பாதரசத்துக்கு ஒரு நிமிடம் வாருங்கள்: 2001இல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததைக் காட்டியவர்கள் உள்ளூர்வாசிகளும் கிரீன்பீஸ் அமைப்பினரும். நிலத்தைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தம் செய்தால் போதுமா என்று பல ஆண்டுகள் சண்டை போட்டவர்களும் அவர்கள் பக்கத்தவர்களே. லாஸ் ஏஞ்சலஸ் அருகே வெர்னனில், பல பத்தாண்டுகள் தற்காலிக அனுமதியிலேயே ஓடி 2015இல் மூடப்பட்ட எக்ஸைடு பேட்டரி உருக்காலையைச் சுற்றி, குழந்தைகளின் விழுந்த பால்பற்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உள்ளூர் அமைப்பும் சேர்ந்து சேகரித்தார்கள். நாம் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிகிற பல். அதன் அடுக்குகளில், பிறப்பதற்கு முன்பே ஏறிய ஈயம் பதிந்திருந்தது. 2020இல் திவால் நீதிமன்றம் அந்த நிலத்தை அப்படியே விட்டுப்போகக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. பல் மட்டும் சாட்சியாக மிஞ்சியது.

ஊர் எப்போதும் ஒரே குரலில் பேசும் என்று நான் கனவு காணவில்லை. கெல்லாக்கில் சுற்றுச்சூழல் முகமையைத் திட்டியவர்கள் நிறைய. நச்சூர் என்று பெயர் வந்தால் வீடு விலைபோகாது, ஆலை போனால் சோறு போகும் என்ற பயம் போர்ட் பிரியிலும் உண்டு. அந்தப் பயம் அறியாமையால் வருவதில்லை. மிகத் துல்லியமான கணக்கு அது. வேலையா, பிள்ளையின் மூளையா என்று தேர்வு செய்யும்படி ஒருவனை மூலையில் நிறுத்திவிட்டு, அவனுக்குத் துண்டறிக்கை கொடுப்பதால் என்ன ஆகும்? வேலைக்கு ஓர் உத்தரவாதத்தோடு வந்து பேசினால் அவன் பேச்சு வேறாக இருக்கும்.

பங்கேற்பு என்ற பெயரில் நமக்கும் ஒரு சடங்கு பழக்கம்: கருத்துக்கேட்புக் கூட்டம். முன்வரிசையில் அதிகாரிகள், போலீஸ் காவல், படிக்க முடியாத அறிக்கை, மூன்று நிமிடம் மைக். முடிவு ஏற்கனவே எழுதியாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டோம் என்று பதிவேட்டில் எழுத ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட் சிகாகோவிலும் 2012இல் அந்த வரி எழுதப்பட்டது. எவ்வளவு ஆழம் தோண்டுவது, எந்தத் தெருவில் தொடங்குவது, மாதிரி எடுத்தால் எத்தனை நாளில் வீட்டுக்காரருக்கு எண்ணைச் சொல்வது, யார் பணம் கொடுப்பது: இந்த நான்கில் ஒன்றையாவது அங்கே குடியிருப்பவர் மாற்ற முடிந்தால்தான் அது பங்கேற்பு. வெஸ்ட் கலுமெட்டில் மண்மாதிரி எடுத்ததற்கும் குடியிருந்தவர்களுக்குச் சொன்னதற்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்த ஓராண்டில் அங்கே தவழக் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர்!

2018இல் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் காலி நிலத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற கேள்வி வந்தது: மறுபடி வீடு கட்டும் தரத்துக்கா, ஆலைக்கும் கிடங்குக்கும் போதுமான தரத்துக்கா. முறைப்படி திட்டத்தை வெளியிட்டார்கள், கூட்டம் போட்டார்கள், பாதிக்கப்பட்ட மக்களின் கருத்தைக் கேட்டார்கள். அந்த 346 கதவுகளில் எதைத் தட்டுவதற்கும் அப்போது அங்கே ஒரு கதவும் இல்லை.